பௌத்தம் ஒண்ணுதான் பாக்கி

தம்பி, அந்தப் பையை மிதிச்சிடாதீங்க. கொஞ்சம் நகத்தி வையுங்க, போதும். உள்ள மாலை இருக்குதாம். பட்டுப்பொடவை, தேங்கா, வெத்தலைபாக்கு, வளையல் எல்லாம் இருக்குதாம். ‘இருக்குதாம்’னுதான் சொல்றேன், ஏன்னா கட்டி வெச்சிட்டுப் போனது என் சம்சாரம் மரகதம். “எதுக்கும் கையில இருக்கட்டும்”னா. காஞ்சிபுரத்துக்குப் போற மனுஷனுக்குப் பட்டுப்பொடவை எதுக்கு தம்பி? அங்க கிடைக்காத பட்டா?

கல்யாணத்துக்கான்னு கேக்கறீங்க. பட்டு வேட்டி கட்டுனா கல்யாணம்தானா? நான் போறது ஆராய்ச்சிக்கு. மத ஆராய்ச்சி. சிரிக்காதீங்க, நெசமாத்தான். இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம், சீக்கியம், சமணம், அஞ்சும் முடிச்சாச்சு. பௌத்தம் ஒண்ணுதான் பாக்கி. காஞ்சிபுரத்துல ஒரு பிக்கு வந்து தங்கியிருக்காருன்னு கேள்விப்பட்டேன். அதான் கிளம்பிட்டேன்.

என் பேரு ஏகாம்பரம். வந்தவாசி பஸ் ஸ்டாண்டுல இருபத்தெட்டு வருஷம் டைம் கீப்பர். ரிட்டயராகி ரெண்டு வருஷம் ஆவுது. நீங்க வந்தவாசியில வண்டி ஏறியிருந்தா என் குரலைக் கேட்டிருப்பீங்க. ஒரு வண்டி ஒரு நிமிஷம் முன்னாடி கிளம்பிச்சுன்னா டிரைவர் செத்தான். மெமோதான். அப்படி ஒரு ஆளு நான்.

சரி, மறைப்பானேன். ஒரு கல்யாணமும் இருக்குது. வழியில புளியந்தாங்கல் கூட்ரோடு வரும் பாருங்க, அங்க இறங்கினா எதிர்ல மண்டபம். என் தங்கச்சி சகுந்தலா பொண்ணு கீர்த்தனாவுக்கு இன்னைக்கு ஒன்பதுல இருந்து பத்தரைக்குள்ள முகூர்த்தம். நான் தாய்மாமன். மாலையைப் போட்டு, பொண்ணு கையைப் புடிச்சு மேடைக்கு இட்டுக்கினு போவவேண்டியவன். போவேனா மாட்டேனான்னு கேட்டீங்கன்னா, இன்னும் முடிவு பண்ணலை. டிக்கெட்டு காஞ்சிபுரத்துக்குத்தான் எடுத்திருக்கேன். இதோ பாருங்க, சந்தேகம்னா பாத்துக்குங்க.

மரகதம் நேத்தே போயிட்டா. “நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம், நான் நாத்தனா பொண்ணு கல்யாணத்தை விட மாட்டேன்”னு சொல்லிட்டா. போற அவசரத்துலயும் என் பட்டு வேட்டியை இஸ்திரி போட்டு கட்டில் மேல வெச்சிட்டுப் போயிருக்கா. வேற வேட்டி எல்லாத்தையும் ஊற வெச்சிட்டா. நான் என்னத்தைக் கட்டறது, சொல்லுங்க?

என்ன தகராறுன்னு கேளுங்க. கேக்க மாட்டேங்கறீங்களே! நானே சொல்றேன்.

இருபத்தோரு வருஷம் ஆவுது. கீர்த்தனாவுக்கு அப்ப மூணு வயசு. காதுகுத்து. குலதெய்வக் கோயில்ல. காதுகுத்துன்னா புள்ளை யாரு மடியில உக்காரணும்? தாய்மாமன் மடியில. ஊரு உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். நான் தோடு, புதுத்துணி, தட்டு எல்லாம் எடுத்துக்கினு போறேன். போய்ச் சேந்தா, காது குத்தி முடிஞ்சு, புள்ளை வாயில சக்கரையைப் போட்டு, எல்லாரும் சாப்பாட்டுப் பந்தியில உக்காந்திருக்காங்க! யாரு மடியில குத்துனாங்க தெரியுமா? என் சித்தப்பா பையன் குப்புசாமி மடியில. அவனும் மாமன் முறைதானாம். எவ்வளவு கொழுப்பு பாருங்க. அவனை உக்கார வெச்சது யாரு? என் தங்கச்சி புருஷன், தணிகாசலம். மாப்பிள்ளைன்னு தலைமேல தூக்கி வெச்சிருந்தேன் தம்பி, அந்த மனுஷனை.

“ஏன் மாப்பிள்ளை இப்படிப் பண்ணீங்க?”ன்னு கேட்டேன். நாலு பேரு முன்னாடி என்ன சொன்னாரு தெரியுமா? “ஊருக்கெல்லாம் டைம் சொல்றவரு, நீங்க டைமுக்கு வரக்கூடாதா மச்சான்?”னாரு. பந்தியில உக்காந்திருந்தவன் பூரா சிரிச்சான். பாயசம் ஊத்தறவன்கூட சிரிச்சான். தட்டை அங்கயே வெச்சிட்டுத் திரும்பி வந்தவன்தான். இன்னைக்கு வரைக்கும் அவரோட ஒரு வார்த்தை கிடையாது.

லேட்டா வந்தேனா? வந்தேன். ஏன் வந்தேன்? அதை ஒருத்தன் கேக்கலையே! ஏழு நாப்பது வண்டியில போவணும்னு ஆறரைக்கே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். அன்னைக்கு எனக்கு லீவு. இருந்தாலும் வாட்சைப் பாத்துக்கினே நிக்கறேன். டிரைவர் ஏழு முப்பத்தெட்டுக்கு வண்டியை எடுக்கறான்! ரெண்டு நிமிஷம் முன்னாடி! விடுவேனா? ரூமுக்குள்ள போய் மெமோ எழுத உக்காந்தேன். எழுதி, கையெழுத்துப் போட்டு, வெளிய வந்து பாக்கறேன், வண்டி இல்லை. நான் போவவேண்டிய வண்டியும் அதுதான். அடுத்த வண்டி ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சு. இதுல என் தப்பு எங்க இருக்குது, நீங்களே சொல்லுங்க.

சரி, அது கிடக்கட்டும். ஆராய்ச்சிக்கு வர்றேன்.

மதங்களை ஒப்பிட்டுப் பாக்கணும்னு எனக்குச் சின்ன வயசுல இருந்தே ஆசை. ஆரம்பிச்சது போன தை மாசம். தையிலதான் அங்க நிச்சயதார்த்தமும் நடந்துது. ரெண்டுக்கும் சம்பந்தமில்லை, தேதிக்காகச் சொல்றேன். ஒரு நீளநோட்டு வாங்கி, டிரிப் ஷீட்டு மாதிரி கட்டம் போட்டேன். மதத்தோட பேரு, போன தேதி, ஆரம்பிக்கற நேரம், முடியற நேரம், கூட்டம் எவ்வளவு, குறிப்பு. கடைசிக் கட்டத்துல பரீட்சைக் கேள்வி. எல்லா மதத்துக்கும் ஒரே கேள்வித்தாள், பாரபட்சமே கிடையாது. கேள்வி இதுதான்: ‘ஒரு மனுஷன், நல்லவன், நியாயஸ்தன். அவனை ஒருத்தன் நாலு பேரு முன்னாடி அவமானப்படுத்திட்டான். தப்பு பூரா அடுத்தவன் மேல. இப்ப அந்த அடுத்தவன் வீட்டுல ஒரு கல்யாணம். இவன் போவலாமா, கூடாதா?’ பொதுவான கேள்விதான் தம்பி. யாருக்கு வேணா வரும்.

மரகதம் நோட்டை எடுத்துப் படிச்சிட்டு, “ஒரு கல்யாணத்துக்குப் போவாம இருக்கறதுக்கு எத்தனை சாமியைத்தான் சாட்சிக்குக் கூப்புடுவீங்க?”ன்னு கேட்டா. அவளுக்கு ஆராய்ச்சியைப் பத்தி என்ன தெரியும்?

மொதல்ல நம்ம தெரு சிவன் கோயில் குருக்கள். நான் ‘ஒரு மனுஷன், நல்லவன்’னு ஆரம்பிக்கறேன், அவரு “யாரு, தணிகாசலம் ஆத்துக் கல்யாணமா? முகூர்த்தம் குறிச்சதே நான்தானே, பேஷா போயிட்டு வாங்கோ”ன்னுட்டாரு. இது செல்லாது தம்பி. நாள் குறிச்சவரே தீர்ப்பும் சொன்னா எப்படிச் செல்லும்? நோட்டுல அடிச்சிட்டேன்.

அப்பால ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனேன். நல்லா இருந்துது. பாட்டு நல்லா இருந்துது. உக்காரு, எழுந்திரு, முட்டி போடுன்னு வேலை வாங்கறாங்க, நமக்குத்தான் முட்டி ஒத்துழைக்கலை. நடுவுல ஒரு கட்டம் வருது, எல்லாரும் பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்துக் கும்புட்டு ‘சமாதானம்’னு சொல்றாங்க. முன்ன பின்ன தெரியாத ஒருத்தரு என்னைப் பாத்துக் கும்புடறாரு. “ஐயா, உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லையே”ன்னேன். அவரு சிரிச்சாரு. “சண்டை இருக்கறவங்க இங்க பக்கத்துல உக்கார மாட்டாங்களே சார், அதான் கிடைச்சவங்ககிட்ட சொல்லிப் பழகிக்கறோம்”னாரு. குறும்புக்காரரு.

முடிஞ்சதும் ஃபாதர் இன்னாசிகிட்ட கேள்வியைக் கேட்டேன். பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு, “காணிக்கை கொண்டுவந்தவனா இருந்தாக்கூட, அதைப் பீடத்துக்கு முன்னாடி வெச்சிட்டு, போய் அந்த ஆளோட ஒப்புரவு ஆகிட்டு வரணும்ங்கறது எங்க வழி. கடவுளே காத்திருப்பார், ஆனா சண்டை காத்திருக்கக் கூடாது”ன்னாரு. “அப்ப தப்பு யாரு மேலன்னு பாக்க மாட்டீங்களா?”ன்னேன். “அதைக் கேட்டா ரெண்டு பேரும் வீட்டை விட்டு கிளம்ப மாட்டீங்க”ன்னாரு. ‘கிளம்ப மாட்டீங்க’ங்கறாரு தம்பி! நான் என்னைப் பத்தின்னு சொல்லவே இல்லையே!

பள்ளிவாசல் இருக்குது பாருங்க, அதைப் பத்தி நான் சொல்லியே ஆவணும். உள்ள நுழைஞ்சதும் செவுத்துல ஒரு பலகை. அதுல வரிசையா கடிகாரம். ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் ஒரு கடிகாரம், அந்தந்த நேரத்துல முள்ளு வெச்சிருக்காங்க. எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. இருபத்தெட்டு வருஷம் நம்ம பஸ் ஸ்டாண்டுல ஒரு கடிகாரம் ஒழுங்கா ஓடினதில்லை. வரிசையில ஒருத்தன் முந்தலை, ஒருத்தன் பிந்தலை. நேரக் கட்டத்துல நூத்துக்கு நூறு போட்டேன். மதம் மாறிடலாமான்னுகூட ஒரு நிமிஷம் தோணிச்சு. அப்பால தொழுகை நடத்தற ஹஜ்ரத் கபூர் பாய்கிட்ட கேள்வியைக் கேட்டேன். அங்கதான் கெட்டுது.

“கோவத்துல முகத்தைத் திருப்பிக்கலாம் ஐயா, மனுஷன்தானே”ன்னாரு. எனக்கு ஒரே சந்தோஷம். “ஆனா மூணு நாளைக்கு மேல கூடாது”ன்னாரு. “மூணு நாளா?”ன்னேன். “மூணே நாளு”ன்னாரு. “உங்க ஆளுக்கு எவ்வளவு நாளு ஆச்சு?” ஏழாயிரத்து அறுநூறுக்கு மேல ஆச்சுன்னு எப்படிச் சொல்றது? என் சர்வீசுல அவ்வளவு லேட்டா எந்த வண்டியும் வந்ததில்லை. “கொஞ்சம் கூட ஆயிடுச்சு பாய்”னு சொல்லிட்டு டீயைக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

சீக்கியருங்க கோயிலுக்கு மெட்ராஸ் வரைக்கும் போனேன். அங்க கேள்வி கேக்கவே விடலை. தலையில ஒரு துணியைக் கட்டி விட்டாங்க. தரையில வரிசையா உக்கார வெச்சி ரொட்டி போட்டாங்க. சாப்பிட்டு எழுந்தா, ஒரு பெரியவரு பருப்பு வாளியை என் கையில குடுத்து, போய் ஊத்துன்னு கையைக் காமிக்கறாரு. எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஒண்ணரை மணி நேரம் பருப்பு ஊத்தினேன் தம்பி! எவன் யாருன்னு தெரியாம குனிஞ்சு குனிஞ்சு ஊத்தினேன். நடுவுல ஒரு ஆளு, முதுகுப் பக்கம் பாத்தா அச்சா தணிகாசலம் மாதிரியே. திரும்பினா வேற ஆளு. அவருக்கு மட்டும் ரெண்டு கரண்டி ஜாஸ்தியா ஊத்திட்டேன், கை தவறிடுச்சு.

இதுக்கு நடுவுல பத்திரிகை வைக்க வந்தாரு தணிகாசலம். நான் வீட்டுல இல்லை. அதாவது, பின்பக்கம் துணி தோய்க்கற கல்லுகிட்ட இருந்தேன். அரை மணி நேரம் உக்காந்திருந்தாரு. வாசல்ல என் செருப்பு கிடக்குது. பாத்திருப்பாரு. பாத்தும், “மச்சான் வந்தா சொல்லும்மா, முதல் பத்திரிகை இங்கதான் வைக்கறேன்”னு சொல்லிட்டுப் போனாரு. பத்திரிகையில என் பேரு மேல, பெரிய எழுத்துல. தப்பு எங்கயாவது இருக்குமான்னு ரெண்டு நாளு படிச்சேன். இல்லை. எரிச்சலா இருந்துது.

அந்தப் பொண்ணு கீர்த்தனாவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். தங்கமான புள்ளை. வந்தவாசியில காலேஜ் படிச்சுது, மூணு வருஷம். தினமும் சாயந்திரம் என் ரூம் ஜன்னல்கிட்ட வந்து, “மாமா, புளியந்தாங்கல் வண்டி எத்தனை மணிக்கு?”ன்னு கேக்கும். “நாலு அம்பது”ன்னு சொல்லுவேன். மறுநாளும் வந்து கேக்கும். மூணு வருஷமும் அதே வண்டி, அதே நாலு அம்பது. புள்ளைக்கு ஞாபகசக்திதான் கொஞ்சம் கம்மி. நானும் அலுத்துக்காம சொல்லுவேன். அது வர்ற நேரத்துக்கு நான் டீ குடிக்கக்கூட எழுந்து போவ மாட்டேன்.

கடைசியா சமணம். பொன்னூர் மலைக்குப் பக்கத்துல அப்பாண்டைராஜ் நயினாருன்னு ஒருத்தரு, என்னோட பத்தாவது படிச்சவரு. மலையைப் பாக்கணும்னு மரகதமும் கூட வந்தா. பொழுது சாயறதுக்குள்ள அவங்க சாப்பாட்டை முடிச்சிடணும். அஞ்சரைக்கு எலை போட்டாச்சு. நேரம்னா நேரம், எனக்குப் புடிச்சுது. வெங்காயம் கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, வாழைக்கா வறுவல் பிரமாதம். சாப்பிட்டு முடிச்சிட்டு கேள்வியைக் கேட்டேன்.

நயினார் கேள்வியை என் பக்கமே திருப்பிட்டாரு. “ஏகாம்பரம், எந்த விஷயத்துக்கும் ஒரு பக்கம்தான்னு எங்காளுங்க ஒத்துக்க மாட்டோம். நீ சொன்னது உன் பக்கம். அந்த ஆள் பக்கம் நின்னு ஒரு தடவை சொல்லு, கேப்போம்”னாரு. “அவரு பக்கம்னு என்ன இருக்குது?”ன்னேன். “சும்மா சொல்லு. நீதான் தணிகாசலம்னு வெச்சுக்கோ”ன்னாரு. பேரு எப்படித் தெரிஞ்சுதுன்னு மரகதத்தைப் பாத்தேன். அவ எலையைப் பாத்துக்கினு இருந்தா.

சரின்னு ஆரம்பிச்சேன் தம்பி. விளையாட்டாத்தான் ஆரம்பிச்சேன். ‘நான்தான் தணிகாசலம். என் பொண்ணுக்குக் காதுகுத்து. ஆசாரி ஊசியை வெச்சுக்கினு உக்காந்திருக்காரு. அடுத்த வீட்டுக் காதுகுத்துக்கு நேரமாச்சுன்னு அவசரப்படறாரு. நல்ல நேரம் முடியப்போவுது. மச்சானைக் காணோம். அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு ஆசாரி கையைப் புடிச்சுக் கெஞ்சறேன். புள்ளைக்குப் பசி. ஏகாம்பரம் மாமா மடியிலதான் உக்காருவேன்னு அழுவுது. வேற யாரு தூக்கினாலும் திமிறுது. மச்சான் எங்க போயிட்டாருன்னு ரோட்டை எட்டி எட்டிப் பாக்கறேன், வழியில எதாவது ஆயிடுச்சான்னு பயமா இருக்குது. கடைசியில நேரம் முடியறப்போ குப்புசாமியை உக்கார வெச்சேன். மச்சான் வந்தாரு. முழுசா வந்து நிக்கறாரேன்னு நிம்மதி, இவ்வளவு நேரம் பயமுறுத்திட்டாரேன்னு கோவம், ரெண்டும் சேந்து வாயில ஒரு வார்த்தை வந்துடுச்சு.’

இதெல்லாம் யாரும் எனக்குச் சொன்னதில்லை தம்பி. நானா சொன்னேன். சொல்லி முடிச்சா மரகதம் அழுவறா. “இதேதாங்க. இதையேதான் சகுந்தலா இருபது வருஷமா என்கிட்ட சொல்றா. நீங்கதான் பேச்சை எடுக்கவே விடலை”ன்னா. நயினார் எழுந்து போய் கை கழுவிட்டாரு. நான் கொஞ்சம் நல்லாவே சொல்லிட்டேன் போல.

நோட்டுல சமணத்துக்கு என்ன மார்க்கு போட்டேன்னு கேக்கறீங்களா? போடலை. எப்படிப் போடறது? எல்லா மதமும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு எழுதின மாதிரி ஒரே பதிலையே சொன்னா, ஆராய்ச்சி பண்றவன் கதி என்ன ஆவறது? அதான் பௌத்தத்தை நம்பி இருக்கேன். ஆசை வேணாம், பற்று வேணாம்னு சொல்றவங்க. பொண்டாட்டி புள்ளையையே விட்டுட்டுப் போன ராஜகுமாரன் வழி. ‘மச்சானாவது, மாப்பிள்ளையாவது, போவாதே’ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுவாங்க. சொல்ல மாட்டாங்களா? ஏன் தம்பி தலையை ஆட்டறீங்க? உங்களுக்குத் தெரியுமா? அவங்களும் போன்னுதான் சொல்லுவாங்களா?

மணி என்ன? எட்டு நாப்பது. என் வாட்ச்சுலயும் எட்டு நாப்பதுதான். சும்மா கேட்டேன்.

நான் போவலைன்னா என்ன ஆயிடும்? ஒண்ணும் ஆவாது. குப்புசாமி இருக்கான். எப்பவும் சட்டையை மடிச்சு விட்டுக்கினு ரெடியா நிப்பான். அவன் கையைப் புடிச்சுக்கினு அந்தப் புள்ளை மேடை ஏறும். ஏறட்டுமே. மூணு வருஷம் ஜன்னல்கிட்ட வந்து நின்ன புள்ளை... இப்ப எந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினு உக்காந்திருக்குதோ. சே. ஜன்னலைக் கொஞ்சம் திறங்க தம்பி. இல்லை, தண்ணி வேணாம்.

கூட்ரோடு வந்துடுச்சு. அதோ, வாழைமரம் கட்டியிருக்குது பாருங்க. இவ்வளவு நல்லா பண்ணியிருக்காரே மனுஷன். நான் இறங்கலை, சும்மா பாக்கறேன். அங்க ரோட்டோரத்துல நிக்கறது யாரு? வெள்ளை சட்டை, தோள்ல அங்கவஸ்திரம். தம்பி, உங்க கண்ணு நல்லா தெரியுமே, பாத்துச் சொல்லுங்க. வழுக்கையா? லேசா சாய்ஞ்சு நிக்கறாரா? ஐயோ. தணிகாசலம்தான். பொண்ணைப் பெத்தவன், சம்பந்தி வீட்டாரைக் கவனிக்கறதை விட்டுட்டு இங்க வெயில்ல நிக்கறாரே! முன்னாடி போன வண்டியை எட்டிப் பாக்கறாரு பாருங்க, ஜன்னல் ஜன்னலா. யாரும் இறங்கலைன்னதும் மூஞ்சி எப்படி ஆவுது பாருங்க. எத்தனை வண்டியை இப்படிப் பாத்தாரோ, கடவுளே. எந்தக் கடவுளா இருந்தாலும் சரி. அழுவை வருது தம்பி எனக்கு. வரட்டும்.

கண்டக்டர்! யோவ் கண்டக்டர்! விசிலை ஊதுய்யா! காஞ்சிபுரம் டிக்கெட்டா இருந்தா என்ன, நான் இங்க இறங்கறேன்! தம்பி, பையைக் குடுங்க. மெதுவா, மாலை இருக்குது. வழி விடுங்கம்மா, வழி விடுங்க. இந்த மனுஷனை எனக்குத் தெரியும் தம்பி, என்னைப் பாத்ததும் மன்னிச்சிடுங்க மச்சான்னு ஆரம்பிச்சிடுவாரு. அவரு முந்திக்கிட்டாருன்னா, அப்பால நான் சாவற வரைக்கும் பெரிய மனுஷன் அவருதான், நான் வெறும் ஆளு. விட்டுடுவேனா? நிறுத்துய்யா வண்டியை! அதோ, பாத்துட்டாரு. கையைத் தூக்கறாரு. வாயைத் திறக்கறாரு. மாப்ளே! மாப்ளே! பேசாதீங்க! ஒரு வார்த்தை பேசக் கூடாது! தப்பு என்னுது, நான்தான் மொதல்ல சொல்லுவேன்!